சாய்த்தால் ஓடாத ஆட்டம், கூப்பிட்டால் கேட்காத போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போனைச் சாய்த்து ஓட்டும் ஆப், பேசினால் வேலை செய்யும் ஆப், இந்த இரண்டையும் பற்றி வாரத்துக்கு ஒருவராவது வந்து கேட்கிறார்கள். கார் ஆட்டம் ஓடவில்லை என்று பையன்கள் வருவார்கள். மைக் கேட்கவில்லை என்று தறிக்காரர்களும் கொலுசுப் பட்டறைக்காரர்களும் வருவார்கள். வந்த போன்களில் பெரும்பாலானவற்றை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோளாறு சென்சாரிலா, அனுமதியிலா, போனைப் பிடிக்கும் விதத்திலா என்று நீங்களே பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் காசு மிச்சம்.

காரை இடது பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் நேராகவே போகிறது. சென்சார் போய்விட்டதா?

முதலில் ஆட்டத்தின் செட்டிங்ஸில் கன்ட்ரோல் என்ற இடத்தைப் பாருங்கள். ‘டச்’ அல்லது ‘பட்டன்’ தேர்வாகியிருந்தால் போனைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கார் திரும்பாது. அதை ‘டில்ட்’ என்று மாற்றுங்கள்.

அது ஏற்கெனவே டில்ட்டில்தான் இருக்கிறது என்றால் சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டோ ரொட்டேட்டை ஆன் செய்து, ஒரு போட்டோவைத் திறந்து, போனைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். படம் கூடவே திரும்பினால் சென்சார் நன்றாக இருக்கிறது, ஆப்பில்தான் ஏதோ பிசகு.

திரும்பவில்லை என்றால் இன்னும் உள்ளே போகலாம். பெரும்பாலான சாம்சங் போன்களில், அழைப்பு எண் அடிக்கும் இடத்தில் *#0*# என்று அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். ஷாவ்மி, ரெட்மி போன்களில் அது *#*#6484#*#*. அங்கே சென்சார் அல்லது ஆக்ஸிலரோமீட்டர் (சாய்ப்பை அளக்கும் சென்சார்) என்று இருப்பதைத் தொட்டால் மூன்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். போனை மேசைமேல் மல்லாக்க வையுங்கள். மூன்றில் ஒன்று 9.8 பக்கம் நிற்க வேண்டும், மற்ற இரண்டும் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். குப்புறக் கவிழ்த்தால் அதே எண் மைனஸ் 9.8 ஆகும். பக்கவாட்டில் நிறுத்தினால் 9.8 வேறு வரிசைக்கு மாறும். அந்த 9.8 பூமியின் ஈர்ப்பு. போனுக்குள் ஒரு சிலிக்கான் துண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சிலிக்கான் சுருள்களில் தொங்குகிறது. போன் சாயும்போது அது ஒரு பக்கம் இறங்கும். இறங்கிய அளவை மின்சாரமாக மாற்றித்தான் ‘இத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது’ என்று ஆப் கணக்குப் போடுகிறது. எப்படித் திருப்பினாலும் மூன்று எண்ணும் உறைந்தே நின்றால், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் சென்சாரில் கோளாறு.

ஐபோனில் இந்த எண் வித்தை கிடையாது. மெஷர் ஆப்பில் லெவல் என்று ஒன்று இருக்கிறது. கொத்தனார் வைக்கும் ரசமட்டம் போலவே அது டிகிரி காட்டும், அது போதும்.

எல்லா சென்சாரும் ஒரே நாளில் செத்துவிட்டது. ஆட்டோ ரொட்டேட், கேமரா, மைக் எதுவும் இல்லை. போர்டு போச்சா?

மேலிருந்து இழுக்கும் பட்டையில் ‘சென்சார்ஸ் ஆஃப்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு 10இல், 2019இல், வந்த வசதி இது. ஆப் செய்கிறவர்களுக்காகச் செட்டிங்ஸில் மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்துவிட்டால்தான் அந்தக் கட்டம் கிடைக்கும். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் அது திறந்திருக்க வாய்ப்பு அதிகம். தெரியாமல் ஒருமுறை கை பட்டால் எல்லாமே அணைந்துவிடும். இன்னொருமுறை தொட்டால் எல்லாம் திரும்பி வரும். ‘போர்டு போச்சு, நாலாயிரம் ஆகும்’ என்று வேறு எங்கோ சொல்லிவிட்டார்கள் என்று ஒரு அம்மா கண் கலங்க நின்றார். எனக்கு ஆனது பத்து விநாடி. அதற்கு எப்படிக் காசு வாங்குவது?

நேராகப் பிடித்தாலும் கார் வலப்பக்கமே இழுக்கிறது.

ஆட்டம் தொடங்கும் நொடியில் போன் எப்படி இருக்கிறதோ அதையே பல ஆப்கள் ‘நேர்’ என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி ஸ்டார்ட் அழுத்திவிட்டு, பிறகு எழுந்து உட்கார்ந்து ஆடினால் கார் ஒரு பக்கமாகத்தான் போகும். எந்த நிலையில் ஆடப் போகிறீர்களோ அதே நிலையில் உட்கார்ந்து, ‘இதுதான் நேர்’ என்று ஆப்புக்குச் சொல்லும் கேலிபிரேட்டை அழுத்துங்கள். மேசையில் வைத்துக் கேலிபிரேட் செய்யச் சொல்லும் ஆப்பாக இருந்தால், மேசை மட்டமாக இருக்கிறதா என்பதும் கேள்வி.

அதற்கு ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டுவேன். மேசையில் ஒரு புள்ளி வைத்து, போனை அதன்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே சொன்ன சோதனைப் பக்கத்தில் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.3 என்று வைத்துக்கொள்வோம். இப்போது போனைத் தூக்காமல், அந்தப் புள்ளியிலேயே, தலை இருந்த இடத்துக்குக் கால் வரும்படி சுற்றிவிடுங்கள். எண் மைனஸ் 0.3 ஆனால் சாய்ந்திருப்பது உங்கள் மேசை. 0.3 என்றே நின்றால் பிசகு சென்சாரில் இருக்கிறது. எண்ணில் 0.17 வந்தால் ஒரு டிகிரி என்று கணக்கு. ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிப் பிசகை ஆப்பில் கேலிபிரேட் செய்தே தீர்த்துவிடலாம். எங்கள் கடை மேசையே முக்கால் டிகிரி சாய்வு என்று இப்படித்தான் கண்டுபிடித்து, ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தேன்.

போனை எட்டு போல ஆட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அது காம்பஸுக்கான வைத்தியம், சாய்ப்புக்கு உதவாது. மேப்பில் நீல அம்பு தப்பான திசை காட்டினால் எட்டுப் போடுங்கள். கார் ஆட்டம் காம்பஸைக் கேட்பதே இல்லை.

காம்பஸ் அடிக்கடி கெடுகிறது என்றால் முதலில் கவரைக் கழற்றிப் பாருங்கள். மூடித் திறக்கும் கவரில் காந்தம் இருக்கும். நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டித்தான் இருக்கிறது. கவர் காந்தம் அதைப்போல் பல மடங்கு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கமிருந்து வரும் பட்டறைக்காரர்கள் ‘வெள்ளிக்குப் பக்கத்திலேயே போனை வைக்கிறோமே, அதனாலா?’ என்று கேட்பார்கள். வெள்ளி காந்தத்துக்கு அசையாது. பாலிஷ் மோட்டாரும் இரும்புப் பட்டடையும்தான் இழுக்கும். அதே போல, சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலைப் பாறையில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது இருக்கிறது. மலை ஏறும்போது அங்கே அம்பு அலைந்தால் போனைக் குறை சொல்லாதீர்கள்.

ஏற்காடு பஸ்ஸில் ஆடினால் மட்டும் கார் தானாகத் திரும்புகிறது. ஏன்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் கேட்டான்.

போனுக்குள் தொங்கும் அந்தத் துண்டுக்கு ஈர்ப்பு இழுப்பதும் ஒன்றுதான், பஸ் திரும்பும்போது தள்ளுவதும் ஒன்றுதான். இரண்டையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவின் ஆரம் 12 மீட்டர், பஸ் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பக்கவாட்டு உந்தல் 1.4 சொச்சம் வரும். அதை 9.8 உடன் சேர்த்துப் பார்க்கிற போன், நீங்கள் சுமார் 8 டிகிரி சாய்த்துவிட்டதாக நினைக்கும். ஆட்டத்தில் அது நல்ல திருப்பம்தான். போனில் ஒரு கோளாறும் இல்லை. கையில் கட்டைபோல் பிடித்திருந்தாலும் இதேதான் நடக்கும். மலைப்பாதையில் டச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அந்த முக்கால் மணி நேரம் ஜன்னலைப் பார்ப்பதே நல்லது, வாந்தியும் வராது.

கார் ஓடுகிறது, ஆனால் 360 டிகிரி வீடியோ சுற்றவில்லை. துப்பாக்கி ஆட்டத்தில் குறி நகரவில்லை.

அவற்றுக்கு கைரோஸ்கோப் வேண்டும். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறீர்கள் என்று அளக்கும் வேறு சென்சார் அது. விலை குறைந்த சில போன்களில் அது வைக்கப்படவே இல்லை. சோதனைப் பக்கத்தில் கைரோ என்ற வரியே இல்லையென்றால், அது ரிப்பேர் செய்யக்கூடிய விஷயமில்லை.

ஐபோனில் சஃபாரி வழியாக ஆடும் ஆட்டம் சாய்ப்பைக் கேட்கவில்லை.

ஐஓஎஸ் 13 முதல், வலைப்பக்கம் உங்கள் அனுமதி கேட்டுத்தான் மோஷன் சென்சாரைத் தொட முடியும். ‘அலவ்’ அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். பக்கத்தை மூடி, திரும்பத் திறந்து அனுமதி கொடுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் இதே விஷயம் சைட் செட்டிங்ஸில் ‘மோஷன் சென்சார்ஸ்’ என்ற பெயரில் இருக்கும்.

மைக் படத்தை அழுத்திப் பேசுகிறேன். ஒன்றும் எழுதவில்லை.

போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து பத்து விநாடி பேசி, திரும்பப் போட்டுக் கேளுங்கள். உங்கள் குரல் தெளிவாகக் கேட்டால் மைக் நன்றாக இருக்கிறது. அடுத்துச் சொல்லப்போவது எல்லாம் அனுமதி சம்பந்தப்பட்டது.

ஆண்ட்ராய்டு 11இல் இருந்து அனுமதி கேட்கும்போது ‘இந்த முறை மட்டும்’ என்று ஒரு வரி வருகிறது. பயத்தில் பலர் அதையே அழுத்துகிறார்கள். ஆப்பை மூடிவிட்டு நாளைக்கு வந்தால் அனுமதி போயிருக்கும். ‘வேண்டாம்’ என்று இரண்டு முறை அழுத்திவிட்டால் அப்புறம் அது கேட்கவே கேட்காது, சும்மா இருந்துவிடும். பல மாதம் திறக்காத ஆப்பின் அனுமதியைப் போனே பறித்துக்கொள்வதும் உண்டு. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், பெர்மிஷன்ஸ், மைக்ரோபோன் என்று வரிசையாகப் போய் ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். இன்னொரு கதவும் இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஆப்கள் உங்கள் குரலைத் தாங்களே புரிந்துகொள்வதில்லை, கூகுளின் பேச்சுச் சேவையிடம் கொடுத்து எழுதி வாங்குகின்றன. அந்த கூகுள் ஆப்புக்கு மைக் அனுமதி இல்லையென்றால், உங்கள் ஆப்புக்கு நூறு அனுமதி கொடுத்தும் பயனில்லை. இரண்டுக்கும் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், மேல் பட்டையில் ‘மைக் ஆக்சஸ்’ என்ற கட்டம் அணைந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை. மைக் வேலை செய்யும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். ஐபோனில் அது ஆரஞ்சு. புள்ளி எரிந்தும் எழுத்து வரவில்லை என்றால் நெட்டைப் பாருங்கள்.

ரெக்கார்டரிலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது.

அப்படியென்றால் துளை அடைத்திருக்கிறது. போனின் அடிப்பக்கத்தில் சார்ஜர் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துளை அது. தறிகள் ஓடும் அம்மாபேட்டையிலிருந்து வரும் போன்களில் நூல் பஞ்சு, பட்டறைப் போன்களில் பாலிஷ் மாவு, ஜவ்வரிசி ஆலையிலிருந்து வந்தால் வெள்ளை மாவு. துளையைப் பார்த்தே ஆள் எந்த வேலை என்று சொல்லிவிடலாம். முதலில் கவரைக் கழற்றிப் பேசிப் பாருங்கள். மலிவான கவரில் துளைக்கு நேராக ஓட்டை விட்டிருக்கமாட்டார்கள்.

சுத்தம் செய்ய, காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். போனின் அடிப்பக்கம் தரையைப் பார்க்கும்படி பிடித்து, மெதுவாகக் குறுக்கே தேய்த்தால் தூசு கீழே விழும். ஊதாதீர்கள், எச்சில் போய் மாவைக் களியாக்கிவிடும். தயவுசெய்து ஊக்கு, குண்டூசி எதுவும் வேண்டாம். சிம் தட்டின் துளையும் மைக் துளையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சிம் எடுக்கிறேன் என்று அந்தக் கம்பியை மைக் துளையில் குத்தி, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்த போன்கள் இந்த மேசைக்கு வந்திருக்கின்றன. கம்பி நுழைக்கும் முன், துளையைச் சுற்றி தட்டின் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால்தான் அது சிம்.

தறி ஓடும்போது பேசினால் என்னென்னவோ எழுதுகிறது.

விசைத்தறிக் கொட்டகையில் மனுஷர் பேசுவதே மனுஷருக்குக் கேட்காது. போனுக்கும் அதே கஷ்டம்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் நான்கு மடங்கு வலுவாக உள்ளே போகும், தறிச் சத்தம் அப்படியே இருக்கும். ஆகவே கத்துவதைவிடக் கிட்டே வருவது பலன் தரும். போனின் அடிப்பக்கத்தை உதட்டுக்கு நாலு விரல் தள்ளி, கொஞ்சம் ஓரமாகப் பிடியுங்கள். நேர் எதிரே பிடித்தால் மூச்சுக்காற்று மோதி ‘புஸ்’ என்று பதியும்.

பல போன்களில் தலைப்பக்கம் இன்னொரு துளை உண்டு. சுற்றுச் சத்தத்தைத் தனியாகக் கேட்டு உங்கள் குரலிலிருந்து கழிப்பது அதன் வேலை. அதை விரலால் மூடிவிட்டால் கழித்தல் நடக்காது. வயர் வைத்த இயர்போனில் உள்ள மைக் இங்கே போன் மைக்கைவிட நன்றாகக் கேட்கும். நாடா மாற்றத் தறியை நிறுத்தும் அந்த ஒரு நிமிடத்தில் சொல்லி முடிப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

தமிழில் பேசினால் இங்கிலீஷில் உளறுகிறது.

கீபோர்டின் மொழி வேறு, குரலின் மொழி வேறு. கீபோர்டில் தமிழ் வைத்துவிட்டு, வாய்ஸ் டைப்பிங்கில் ஆங்கிலம் இருந்தால் அது ஆங்கிலமாகவே காதில் வாங்கும். வாய்ஸ் டைப்பிங் மொழிப் பட்டியலில் தமிழ் நான்கு விதமாக இருக்கும்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

‘பீச்சாங்கைப் பக்கம் திரும்பு’ என்றால் புரியவில்லை. எங்கள் பேச்சே ஆகாதா?

குரல் ஆப்பில் இரண்டு வகை. ஒன்று, நீங்கள் பேசுவதை எல்லாம் எழுதுவது. இன்னொன்று, தனக்குச் சொல்லிவைத்த பத்து இருபது சொற்களுக்கு மட்டும் அசைவது. இரண்டாவது வகையில் ‘இடது’, ‘வலது’, ‘நில்’ என்று வைத்திருந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும். உதவிப் பக்கத்தில் அந்தச் சொற்பட்டியல் இருக்கும்.

எழுதும் வகையில், சொல் சொல்லாக நிறுத்திப் பேசாதீர்கள். ஒரு சொல்லைப் பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் அது ஊகிக்கிறது. முழு வாக்கியமாக, வழக்கமான வேகத்தில் சொன்னால் தப்பு குறையும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் குழம்பினால் ‘ஒன்பது பூஜ்யம்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள், பணம் அனுப்பும் இடத்தில் கட்டாயமாக.

ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ‘அக்கட்ட போ’, ‘சோத்தாங்கைப் பக்கம்’ என்பதெல்லாம் தப்புத் தமிழ் இல்லை. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தார் இல்லை) பேசுவதும் தமிழ்தான். இந்தச் சொற்களையும் பட்டியலில் சேர்ப்பது ஆப் செய்கிறவர்களின் வேலை. ஆப் ஸ்டோரில் விமர்சனம் எழுதும் இடத்தில், எந்தச் சொல்லைச் சொன்னீர்கள், அது என்ன எழுதியது என்று அப்படியே எழுதிப் போடுங்கள். ‘வேஸ்ட் ஆப்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குள் போனால் குரல் வேலை செய்வதில்லை.

சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் குரல் சர்வர் வரை போய்த் திரும்ப முடியாது. கீழே இறங்கும்போது வைஃபையில், வாய்ஸ் டைப்பிங் செட்டிங்ஸில் ஆஃப்லைன் மொழிகளைப் பாருங்கள். உங்கள் போன் அங்கே தமிழைக் காட்டினால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டாவிட்டால், காப்பிப் பழக் கூலிக் கணக்கையெல்லாம் ரெக்கார்டரில் பேசி வைத்து, சிக்னல் வந்ததும் கேட்டு எழுதுவதே நிம்மதி. மேட்டில் காற்று அடித்தால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள்.

‘ஹே கூகுள்’ என்றால் எழவே மாட்டேன் என்கிறது.

பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் எழாது. அணைத்தும் எழவில்லை என்றால், கூகுள் செட்டிங்ஸில் குரலை அடையாளம் காணும் ‘வாய்ஸ் மேட்ச்’ பகுதிக்குப் போய் உங்கள் குரலைப் புதிதாகப் பழக்குங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் பழக்கவேண்டாம்.

வீட்டுக்குள் வந்தால் மட்டும் மைக் செத்துவிடுகிறது.

புளூடூத். அலமாரிக்குள் கிடக்கும் இயர்பட்ஸோ, டிவி பக்கத்து ஸ்பீக்கரோ தானாக இணைந்து மைக்கை எடுத்துக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை வரவில்லை. சாய்ப்பும் குரலும் அவருக்கு உதவுமா?

உதவும். இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. கை நடுங்குகிறவருக்குச் சாய்ப்பு வேண்டாம், அது ஒவ்வொரு நடுக்கத்தையும் ஆணையாக எடுத்துக்கொள்ளும். கட்டாயம் வேண்டுமென்றால் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, ‘டெட் ஜோன்’ இருந்தால் அதை அதிகமாக்குங்கள். சின்ன அசைவுகளை அது கண்டுகொள்ளாது.

குரல்தான் அவருக்கு வழி. ஆண்ட்ராய்டில் கூகுளின் வாய்ஸ் ஆக்சஸ், ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல் வாய்ஸ் கன்ட்ரோல். சேலத்தில் குகை என்ற பகுதியில் தறி ஓட்டிய ஒரு பெரியவருக்கு நான் வைத்துக் கொடுத்தேன். ஆங்கில ஆணைகளைத் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் பக்கம் ஒட்டினோம்: ‘ஸ்க்ரோல் டவுன்’, ‘கோ பேக்’, ‘ஷோ நம்பர்ஸ்’. கடைசி ஆணையைச் சொன்னால் திரையில் தொடக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் வரும், எண்ணைச் சொன்னால் தொட்ட மாதிரி. அவர் நாக்கும் கொஞ்சம் குழறும். முதல் நாள் பாதிதான் கேட்டது. போனை நெஞ்சுக்கு நேராக ஸ்டாண்டில் நிறுத்தி, மின்விசிறியை ஒரு எண் குறைத்தோம். மூன்றாம் நாள் அவரே மகளுக்கு வீடியோ கால் போட்டார். பேசி முடித்து ‘கோ பேக்’ என்றவர், என்னைப் பார்த்து ‘பொத்தானே வேண்டாம் போலிருக்கே தம்பி’ என்றார்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். எப்போது கடைக்குக் கொண்டுவர வேண்டும்?

சோதனைப் பக்கத்தில் எண் உறைந்திருந்தால், ரெக்கார்டரில் ஒரு சத்தமும் இல்லாவிட்டால், தண்ணீரில் விழுந்திருந்தால். ஃபேக்டரி ரீசெட் மட்டும் நீங்களாகப் போடாதீர்கள், போட்டோவெல்லாம் போய்விடும்.

மைக்கும் கேட்கவில்லை, சார்ஜும் தகராறு என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் கீழ் மைக், சார்ஜிங் வாயோடு சேர்ந்த சின்னப் போர்டில்தான் இருக்கிறது. அதை மாற்றினால் இரண்டும் சேர்ந்து சரியாகும். சாய்ப்பு சென்சார் மெயின் போர்டில் ஒட்டியிருப்பது, அதைத் தொடுவது செலவு. ஆட்டத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். பூட்டு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எதிரில் ஸ்டூல் போட்டிருக்கிறேன், நீங்களே திறந்து கொடுத்துவிட்டுக் கூட இருந்து பாருங்கள்.